இதாவது நிஜமா மாப்ள?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஒட்டடை அடிச்சு, கடவுச்சொல்லை ஞாபகப்படுத்தி உள்ள வர்றதுக்கே அரை மணி நேரம் ஆயிருச்சு. இன்னும் இந்த வீட்டை எட்டிப் பாக்கிற நாலஞ்சு பேருக்கு ஒரு வணக்கம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமான மொக்கையும் இல்ல.

2025 ஜூன்ல ஒரு ராத்திரி. பதினோரு மணி இருக்கும். போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். என் கூட்டாளி ஒருத்தன், பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கம், ஒரு செய்தியை ஃபார்வர்டு பண்ணியிருந்தான். "எச்ஐவிக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு! ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சாதனை!" ஆச்சரியக்குறி மட்டும் ஏழெட்டு இருந்துச்சு. அதுக்குக் கீழ அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்.

"இதாவது நிஜமா மாப்ள?"

அந்த 'இதாவது'ல தான் எனக்குத் தூக்கம் போச்சு. ஏன்னு சொல்லணும்னா இருபது வருஷம் பின்னாடி போகணும். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஆளு தெரியாம இருக்க சில அடையாளங்களை மாத்தியிருக்கேன். அவனுக்கு எப்படி வந்துச்சுன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல, நீங்களும் கேக்காதீங்க. சர்க்கரை வந்தவன்கிட்ட எத்தனை ஜிலேபி தின்னேன்னா கேக்கறோம்?

2003ல அவனுக்குத் தெரிய வந்துச்சு. அப்ப நம்ம ஊர்ச் சுவரெல்லாம் புள்ளி ராஜா விளம்பரம். டீக்கடையில அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளு கிடையாது. நானும் சிரிச்சிருக்கேன், அவன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. அன்னிக்கு அவன் கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தது இப்பவும் ஞாபகம் இருக்கு. காரணம் மட்டும் அப்ப எனக்குத் தெரியாது.

2004 ஏப்ரல்ல அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. தொடங்கின இடங்கள்ல தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி சிப்லா கம்பெனி 2001ல விலையைத் தடாலடியா குறைச்சிருந்தாலும், மாசா மாசம் காசு குடுத்து வாங்கறது அவனை மாதிரி ஆளுங்களுக்கு நடக்கிற காரியமா? மதுரையில பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலை தாம்பரத்துல இறங்கி, வரிசையில நின்னு மருந்து வாங்கிட்டு, சாயங்காலம் அதே ரயிலுக்குக் காத்திருந்து திரும்பி வருவான். வீட்ல கேட்டா, கம்பெனி வேலையா போறேன்னு பேரு. அப்படி ஒரு பயணத்துல கூட வந்தப்பத்தான் என்கிட்டயே சொன்னான், விழுப்புரம் தாண்டினதுக்கு அப்புறம்.

எட்டே மாசத்துல ஆளு பழையபடி ஆயிட்டான். எலும்பா இருந்தவனுக்குக் கன்னம் வச்சுது. கடன் வாங்கி ஒரு தனியார் லேப்ல வைரல் லோடு டெஸ்ட் எடுத்தான். அப்பல்லாம் அது ஆயிரக்கணக்குல செலவு. ரிசல்ட்ல, கண்டறியும் அளவுக்குக் கீழேன்னு போட்டிருந்துச்சு. பேப்பரைத் தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்தான்.

"மாப்ள, நீதான் ஜுவாலஜி படிச்சவன். வைரஸே இல்லைன்னு போட்டிருக்கான். அப்புறம் எதுக்குடா நான் இன்னும் மாத்திரை திங்கணும்?"

நான் படிச்சது பி.எஸ்சி. அதுவும் ரெண்டு அரியரோட. வேலை இன்சூரன்ஸ் ஆபீஸ்ல. ஆனா நண்பன் நம்மளைப் பெரிய ஆளா நினைக்கும்போது, தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா? பாத்துச் சொல்றேன்டான்னேன். தினம் ஆபீஸ் விட்டதும் பிரவுசிங் சென்டர்ல போய் உக்காந்தேன். மணிக்கு இருபது ரூபாய், அகராதி ஒரு பக்கம்.

அவன் கேட்டது சின்னக் கேள்வி இல்லைன்னு அங்க தான் தெரிஞ்சுது. உலகத்துல பெரிய பெரிய மண்டைகளே அதே கேள்வியில தடுக்கி விழுந்திருந்தாங்க.

கதை இதுதான். 1996ல கூட்டு மருந்து வந்தப்ப எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. மருந்து ஆரம்பிச்சதும் ரத்தத்துல வைரஸ் சரசரன்னு இறங்கிச்சு. அந்த வேகத்தை வச்சு டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன் குழு ஒரு கணக்குப் போட்டாங்க. வைரஸ் புகுந்த செல்லெல்லாம் இதே வேகத்துல செத்துக்கிட்டே போனா, 2.3லேர்ந்து 3.1 வருஷத்துக்குள்ள உடம்பு துடைச்சு விட்ட மாதிரி ஆயிடலாம்னு. எங்கேயோ நாம பாக்காத ஒளிவிடம் இருந்தா இந்தக் கணக்கு பொய்க்கும்னு அவங்களே ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருந்தாங்க. 1997லயே அந்த ஒளிவிடம் அகப்பட்டுருச்சு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ராபர்ட் சிலிசியானோ குழு உட்பட மூணு குழுக்கள் அதே வருஷம் தனித்தனியா அதைக் காட்டினாங்க.

நம்ம ரத்தத்துல சிடி4 டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு. எச்ஐவி புகுறது அதுக்குள்ள தான். புகுந்து, தன்னோட மரபுக்குறிப்பை அந்த செல்லோட டிஎன்ஏவுக்குள்ளேயே தைச்சு வச்சிடும். தைச்சது பிரியாது. பெரும்பாலான செல்கள் வைரஸை ஆயிரக்கணக்கில் தயாரித்துக் கொடுத்துவிட்டு ஓரிரு நாளில் செத்துப் போகின்றன. ஆனால் சில செல்கள் அந்த நேரத்தில் சண்டையை முடித்துக்கொண்டு ஓய்வுக்குப் போகிறவை, அதாவது ஞாபக செல்கள். சின்ன வயசுல வந்த அம்மை மறுபடி வராம அறுபது வயசு வரைக்கும் காவல் காக்கிறது இந்த வகைதான். அதுங்களோட வேலையே தூங்கறது, ரொம்ப வருஷம் உயிரோட இருக்கறது. இப்ப அந்தத் தூங்கற செல்லுக்குள்ள வைரஸும் சேர்ந்து தூங்குது. ஒரு புரதம் கூடத் தயாரிக்கிறதில்ல. அதனால உடம்போட காவல்காரனுக்கு அது தெரியாது. நாம திங்கிற மாத்திரை, வைரஸ் பெருகும்போது குறுக்கே விழுந்து தடுக்கிற மாத்திரை. பெருகவே இல்லைன்னா அது எதைப் போய்த் தடுக்கும்?

ஓய்வில் இருக்கும் இப்படிப்பட்ட செல்களில் பத்து லட்சத்துக்கு ஒண்ணுங்கிற கணக்கில் தான் வேலை செய்யக்கூடிய வைரஸ் இருக்கு. அந்த ஒண்ணு போதும். மருந்தை நிறுத்தினால், எங்கேயோ ஒரு செல் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கண் முழிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ரெண்டு மூணு வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் திரும்பிடும்.

இந்தத் தூங்குமூஞ்சிக் கூட்டம் பாதியாகக் குறையவே சராசரியாக 44 மாதம் ஆகும்னு சிலிசியானோ குழு 2003ல் கணக்குச் சொன்னது. முழுசா தீர 73 வருஷத்துக்கு மேல. அவன்கிட்ட இதைச் சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டான்.

"எனக்கு இப்ப 29. அப்ப 102 வயசுல எனக்கு சரியாயிடும். பரவால்ல, பொண்ணு பாக்கச் சொல்லு."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அதோட நான் நிறுத்தியிருக்கணும்.

2005 ஆகஸ்ட்ல லான்செட் பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. அமெரிக்காவுல டேவிட் மார்கோலிஸ் குழு. அவங்க யோசனை எனக்குப் பாத்தவுடனே பிடிச்சுப் போச்சு, ஏன்னா எங்க தாத்தா வயல்ல செய்யறது அது.

வயல்ல கோரை பத்திக்கிச்சுன்னா லேசுல போகாது. மேல புடுங்கினா கிழங்கு கீழ இருக்கும். அதனால விதைக்கிறதுக்கு முன்னாடி, வெறும் வயலுக்குத் தண்ணி பாய்ச்சி விட்டுருவாரு. பத்து நாள்ல களையெல்லாம் பச்சைப்பசேல்னு முளைச்சு வரும். வந்ததும் மடக்கி ஒரு உழவு. முளைக்காம இருக்கிறதைக் கொல்ல முடியாது, அதனால முளைக்க விட்டுக் கொல்றது. மார்கோலிஸ் குழுவும் அதைத்தான் செய்யப் பாத்தாங்க. தூங்கற வைரஸை வேணும்னே தட்டி எழுப்பு. எழுந்த செல் ஒண்ணு தானா சாகும், இல்ல உடம்போட காவல்காரன் பாத்துக் கொல்லுவான். எழுந்து வர்ற வைரஸ் புது செல்லுக்குள்ள புகாம இருக்க கூட்டு மருந்து பக்கத்துல காவல் நிக்கும்.

எப்படி எழுப்பறது? டிஎன்ஏ சும்மா நீட்டமா கிடக்கிற கயிறு இல்ல. கண்டுல சுத்தின நூல் மாதிரி ஹிஸ்டோன்ங்கிற புரதத்து மேல சுத்தி இருக்கும். இறுக்கமா சுத்தியிருந்தா அந்த இடத்து எழுத்தைப் படிக்க முடியாது, தளர்ந்தா படிக்கலாம். இறுக்கி வைக்கிறதுக்குன்னே ஒரு நொதி இருக்கு, எச்டிஏசின்னு. அந்த நொதியோட கையைக் கட்டிப் போட்டா நூல் தளரும், வைரஸோட எழுத்தும் வாசிக்கப்படும். அவங்க பயன்படுத்தின மருந்து வால்ப்ரோயிக் அமிலம். காக்காய் வலிப்புக்குக் குடுக்கிற பழைய மாத்திரைதான். நாலு பேர் கலந்துக்கிட்ட சோதனை. அவங்க வழக்கமா எடுக்கிற மருந்தோட இன்னொரு ஊசியும் சேர்த்துக் குடுத்துட்டு, அப்புறம் இதைக் குடுத்தாங்க. மூணு பேருக்கு அந்த ஒளிஞ்சிருக்கிற செல்கள் சராசரியா 75 சதவீதம் குறைஞ்சுதுன்னு ரிசல்ட்.

நாலே பேர். அதுல மூணு பேர். இதைப் படிச்சுட்டு நான் பிரவுசிங் சென்டர்லேர்ந்து நேரா அவன் வீட்டுக்கு சைக்கிள்ல போனேன். மொட்டை மாடியில கோரைக் கதையெல்லாம் சொல்லி, கையெல்லாம் ஆட்டி, பெரிய பிரசங்கம். இன்னும் மூணு வருஷம்டா, அஞ்சு வருஷம்னே வச்சுக்கயேன்னேன். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னேன். சபை நடுவுல சொல்றதுக்கு இப்பவும் கூசுது.

"இதுல என்ன கூத்துன்னா மாப்ள, அந்த மாத்திரை நம்ம ஊரு மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும். பத்து மாத்திரை அட்டை, சல்லிசு விலை."

அவன் ஒண்ணும் சொல்லலை. வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தப்ப ஆளு வெளுத்திருந்தான். படி ஏறினா மூச்சு வாங்குச்சு, சாப்பிட்டா வாந்தி. முடி கொத்தா கொட்டுது. எனக்கு உறைக்கவே இல்ல. மாத்திரையோட பக்க விளைவா இருக்கும், டாக்டரைப் பாருன்னு சொன்னேன். தாம்பரத்துக்குப் போனான். அங்க டாக்டர் ரத்தம் பாத்தாரு. ஹீமோகுளோபின் 7 சொச்சம். வேற ஏதாவது மருந்து எடுக்கறியான்னு நாலு தடவை கேட்டிருக்காரு. அஞ்சாவது தடவைதான் சட்டைப் பையிலேர்ந்து அந்த அட்டையை எடுத்து மேஜை மேல வச்சிருக்கான். டாக்டர் கத்தலையாம். கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, யாருப்பா சொன்னதுன்னு மட்டும் கேட்டாராம்.

"படிச்சவன் ஒருத்தன் சொன்னான் சார்."

விஷயம் என்னன்னா, அவன் எடுத்துக்கிட்டு இருந்த கூட்டு மருந்துல சிடோவுடின்னு ஒண்ணு உண்டு. ரத்தசோகை உண்டாக்கக் கூடியது. வால்ப்ரோயிக் அமிலம் சேர்ந்தா, ரத்தத்துல அந்த சிடோவுடினோட அளவு இன்னும் ஏறும். எல்லாம் இதனாலதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ரத்தம் ஏத்தினாங்க, மருந்தை மாத்தினாங்க. மூணு மாசத்துல தேறிட்டான். அந்த மூணு மாசமும் நான் அவன் முகத்தைப் பாக்கல. அவனாதான் ஒருநாள் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னான். "கடைக்குப் போய் வாங்கினது நான், நீ இல்ல. வா டீ குடிப்போம்"னான்.

அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்ல வால்ப்ரோயிக் அமிலத்தால அந்த ஒளிஞ்ச செல்கள் குறையறதே இல்லைன்னு தெரிஞ்சுது. ஏற்கெனவே வேற நோய்க்கு வருஷக்கணக்கா அதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களைப் பாத்தாங்க. தூங்குமூஞ்சிக் கூட்டம் அப்படியே இருந்துச்சு. அதாவது, என் நண்பன் ரத்தம் கெட்டது வெறும் ஒண்ணுமில்லாததுக்கு.

அன்னிலேர்ந்து ஒரு சபதம். இந்த விஷயத்தை விடாம படிப்பேன், ஆனா அவன்கிட்ட வாயே திறக்க மாட்டேன். பதினெட்டு பத்தொன்பது வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. அதனால இதுக்கு நடுவுல என்னென்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்ததை எல்லாம் இங்க கொட்டறேன், பொறுத்துக்குங்க.

எழுப்பிக் கொல்ற யோசனை வால்ப்ரோயிக்கோட தொடங்கினது இல்ல. 1999லயே ஆம்ஸ்டர்டாம்ல மூணு பேருக்கு, டி செல்கள் மொத்தத்தையும் ஒரே அடியா உசுப்பி விடற மாதிரி மருந்து குடுத்துப் பாத்தாங்க. ஊருல ஒரு திருடன் ஒளிஞ்சிருக்கான்னு ஊரையே கொளுத்தின கதை. பக்க விளைவு தாங்கல, டி செல்கள் அடிமட்டத்துக்குப் போய் ரொம்ப நாள் மேல வரலை. அதுலேர்ந்துதான் ஊரை எழுப்பாம திருடனை மட்டும் எழுப்பற மருந்தைத் தேட ஆரம்பிச்சாங்க.

2012ல மார்கோலிஸ் குழுவே வோரினோஸ்டாட்ங்கிற புற்றுநோய் மருந்தோட திரும்பி வந்தாங்க. எட்டு பேர், ஒரே ஒரு டோஸ். தூங்கற செல்கள்ல வைரஸோட ஆர்என்ஏ சராசரியா 4.8 மடங்கு ஏறிச்சு. அதாவது எழுப்ப முடியும்! நிஜமான மனுஷங்க உடம்புல, நிஜமா. எனக்கு அன்னிக்கு அவனுக்குப் போன் பண்ணணும்னு கை அரிச்சுது பாருங்க. பண்ணலை. பண்ணாததும் நல்லதாப் போச்சு. எழுந்ததே தவிர, எதுவும் சாகலை. ஒளிஞ்ச கூட்டத்தோட அளவு மாறவே இல்ல. டென்மார்க்ல பேனோபினோஸ்டாட், ரோமிடெப்சின்னு அடுத்தடுத்து முயற்சி பண்ணாங்க. அங்கயும் எழுந்துச்சு, குறையலை.

ஏன் சாகலைங்கிறதுலதான் சுவாரசியமே இருக்கு. சிலிசியானோ ஆய்வகத்துல 2012லயே ஒண்ணு காட்டினாங்க. எழுப்பின செல் தானா சாகறதில்ல. கொல்லணும்னா உடம்போட கொலைகார டி செல் வரணும். அதுவோ, வருஷக்கணக்கா வைரஸைக் கண்ணுலயே பாக்காததால தானும் தூங்கிக்கிட்டு இருக்கு! முதல்ல காவல்காரனுக்குப் பயிற்சி குடுத்துட்டு அப்புறம் திருடனை எழுப்பினாதான் பிடிக்கறான். நம்ம ஊரு போலீஸ் கதை மாதிரியே இருக்குல்ல :-)

அடுத்த வருஷம், 2013ல, அதே ஆய்வகத்துலேர்ந்து இன்னொரு குண்டு. ஆய்வுக்கூடத்துல முடிஞ்ச அளவுக்கு உசுப்பி விட்டாலும் எழாம கிடக்கிற வைரஸ் குறிப்புகளை எடுத்து ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்தாங்க. பெரும்பாலானது உடைஞ்ச சரக்கு, எந்தக் காலத்துலயும் எழாது. ஆனா நல்ல நிலையில இருக்கறதும் கொஞ்சம் கிடந்துச்சு. முதல் தட்டுல எழாதது அடுத்த தட்டுல எழலாம், இல்ல அதுக்கடுத்த தட்டுல. ஒளிஞ்ச கூட்டம் அதுவரைக்கும் நினைச்சதை விட 60 மடங்கு வரைக்கும் பெரிசா இருக்கலாம்னு கணக்கு வந்துச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு தாத்தா ஞாபகம்தான். ஒரு தண்ணிக்கு எல்லாக் கோரையும் முளைச்சிருமா தாத்தான்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். மேல இருக்கிற கிழங்கு முளைக்கும், அடியில இருக்கிறது அடுத்த வருஷத்துக்குன்னு வச்சிருக்கும்டாம்பாரு.

இதுக்கு நடுவுல நிறைய கிளைக்கதை. குடியை நிறுத்தக் குடுப்பாங்களே டைசல்ஃபிரம், நம்ம ஊர் குடிநோய் மையத்துல எல்லாம் பிரபலம், அதைக் கூட வைரஸை எழுப்பப் பயன்படுத்திப் பாத்தாங்க. அதிக அளவுல, வோரினோஸ்டாட்டோட சேர்த்துக் குடுத்த சோதனையை, நரம்பு பாதிப்பு வந்ததால ஆரம்பத்துலயே நிறுத்திட்டாங்க. எனக்குப் பிடிச்ச கிளைக்கதை சமோவாத் தீவுல இருக்கிற மமாலா மரம். ஆமணக்குக் குடும்பம். அதோட பட்டையை வைத்தியம் தெரிஞ்ச பொம்பளைங்க ஊறவச்சுக் கல்லீரல் நோய்க்குக் குடுப்பாங்களாம். பால் காக்ஸ்னு ஒரு தாவரவியலாளர் அவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். அதுலேர்ந்து பிரிச்ச ப்ரோஸ்ட்ராட்டின் தூங்கற வைரஸைத் தட்டி எழுப்புதுன்னு ஆய்வுக்கூடத்துல பாத்தாங்க. இது பத்தி 2004ல பெர்க்லி பல்கலைக்கழகம் சமோவா அரசோட ஒப்பந்தமே போட்டுது, வர்ற வருமானத்துல பாதி அவங்களுக்குன்னு. ஊருக்கு ஊர் மூலிகையைச் சுட்டுக் காப்புரிமை வாங்கற காலத்துல, இதைப் படிச்சப்ப மனசு நிறைஞ்சுது.

பிரிட்டன்ல 60 பேரை வச்சு ஒழுங்கா ஒரு சோதனை நடத்தினாங்க. காவல்காரனுக்குப் பயிற்சியா தடுப்பூசி, எழுப்ப வோரினோஸ்டாட். ரெண்டும் ஒரு பாதிப் பேருக்கு, வழக்கமான மருந்து மட்டும் இன்னொரு பாதிக்கு. 2020ல முடிவு வந்துச்சு. ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல.

பெர்லின் நோயாளி டிமோதி ரே பிரவுன் குணமானாரே, அது என்னன்னு கேப்பீங்க. அவருக்கு ரத்தப் புற்றுநோய். அதுக்காக எலும்பு மஜ்ஜையையே மாத்தினாங்க, அதுவும் எச்ஐவி நுழையற கதவு பிறவியிலேயே இல்லாத ஒருத்தரோட செல்லை வச்சு. அந்த வழியில குணமானவங்க உலகத்துல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க. புற்றுநோய் இல்லாதவனுக்கு யாரும் அதைச் செய்ய மாட்டாங்க, உயிருக்கே ஆபத்து. மிசிசிப்பி குழந்தையும் ஞாபகம் இருக்கலாம். பிறந்து 30 மணி நேரத்துல மருந்து ஆரம்பிச்சு, அப்புறம் மருந்து நின்னு போயும் வைரஸ் வராம இருந்ததுன்னு 2013ல உலகமே கொண்டாடிச்சு. மருந்தில்லாம 27 மாசம் சும்மா இருந்துட்டு 2014ல திரும்பிருச்சு. 27 மாசம்! அந்தச் செய்தியைப் படிச்சுட்டு அன்னிக்கு ஆபீஸ்ல லீவ் போட்டேன். யார்கிட்ட என்ன காரணம் சொல்றது?

சரி, அவன் அனுப்பின செய்திக்கு வர்றேன். மெல்போர்ன்ல டோஹர்ட்டி இன்ஸ்டிட்யூட் குழு 2025 மே மாசம் வெளியிட்டது. எச்ஐவிக்கே சொந்தமா ஒரு சுவிட்ச் உண்டு, டாட்னு ஒரு புரதம். அது இருந்தா வைரஸ் எழுந்துக்கும், ஊரை எழுப்ப வேண்டியதில்ல. ஆனா அதைத் தூங்கற செல்லுக்குள்ள கொண்டு போறது எப்படி? கோவிட் தடுப்பூசியில வந்துச்சே எம்ஆர்என்ஏ, கொழுப்புத் துளியில பொதிஞ்சு அனுப்பறது, அந்த முறையில முயற்சி பண்ணாங்க. பிரச்சினை என்னன்னா, தூங்கற டி செல் அந்தத் துளியை உள்ளயே விடாது. இவங்க புதுசா ஒரு துளி செஞ்சிருக்காங்க. அதை உள்ள விடுது. எச்ஐவி உள்ளவங்க தானமா குடுத்த ரத்தத்துல சோதிச்சதுல, வைரஸ் நல்லாவே எழுந்துச்சு. அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்துக் குடுவைக்குள்ள. மனுஷனுக்கு இன்னும் குடுக்கலை. எழுந்ததைக் கொல்றது எப்படிங்கிறது தனிக் கேள்வி.

ஒரே வரியில பதில் போட்டிருக்கலாம், இது மருந்து இல்லடா, முதல் படின்னு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தட்டச்சு பண்ணிப் பண்ணி அழிச்சேன். காலையில நேர்லயே போயிட்டேன்.

அவனுக்கு இப்ப 49. 2011ல கல்யாணம் பண்ணிக்கிட்டான், மருந்து வாங்கற வரிசையில பழக்கமான பொண்ணு. ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடறாங்க. 2013ல பொண்ணு பொறந்தா, மருந்து குடுத்துப் பாதுகாப்பா பொறந்த குழந்தை, அவளுக்கு ஒண்ணும் இல்ல. தாம்பரம் போற வேலையும் இப்ப இல்ல, உள்ளூர்லயே குடுக்கறாங்க. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. வைரல் லோடு வருஷக்கணக்கா கண்டறியும் அளவுக்குக் கீழ. அவன்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் பரவாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. சர்க்கரை, பிரஷர் உள்ள நான் ஒரு நாளைக்கு அஞ்சு மாத்திரை முழுங்கறேன் :-(

மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். நான் மேல எழுதினது எல்லாத்தையும் சொன்னேன், இந்த முறை கையை ஆட்டாம. கோரைக் கிழங்கு, கொலைகார டி செல் எல்லாம். குறுக்கே பேசாம கேட்டான். முடிச்சதும், அப்ப எத்தனை வருஷம் ஆகும்னான். வருஷக் கணக்கு மட்டும் என்கிட்ட கேக்காதன்னு சொன்னேன். சிரிச்சான்.

"நான் எனக்காகக் கேக்கலடா. மாத்திரை என்னை என்ன பண்ணுது? ஒண்ணும் பண்ணலை. ரெண்டு பேரு மாத்திரையையும் வைட்டமின் டப்பாவுல போட்டு வச்சிருக்கோம். பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. போன மாசம் கேக்கறா, ஏம்ப்பா எனக்கு மட்டும் வைட்டமின் தர மாட்டேங்கறீங்கன்னு. சொல்லிடுங்க, வெளியில யாராவது சொல்லித் தெரியறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்கன்னு கவுன்சிலர் அக்கா சொல்லுது. எங்களுக்கு இருந்துச்சு, இப்ப இல்லைன்னு சொல்றது ஒண்ணு. இருக்குன்னு சொல்றது ஒண்ணு. அதான் கேட்டேன், இதாவது நிஜமான்னு."

நான் இருபது வருஷமா ஒரு ஆளு குணமாறதைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சிருந்தேன். அவன் வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருக்கான்.

என்ன சொல்றதுன்னு தெரியாம, தூங்குதுன்னு சொல்லேன்னேன். சும்மா வாயில வந்தது.

"என்னது?"

"இருக்குன்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. எங்க ரெண்டு பேரு உடம்புலயும் ஒண்ணு தூங்குது, தினம் ஒரு மாத்திரை போட்டா எழாது, அதை எழுப்பி விரட்டறதுக்கு நிறைய பேரு வேலை பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. அதானே உண்மை."

கொஞ்ச நேரம் யோசிச்சான். "கோரைக் கதையையும் சொல்லலாம்ல? அவளுக்கு எங்க ஊரு வயலு பிடிக்கும்"னான். சொல்லலாம்னேன். கீழேர்ந்து பாப்பா சாப்பிடக் கூப்பிட்டா. இட்லி, தக்காளிச் சட்னி. சாப்பிட்டு ஆபீசுக்குக் கிளம்பிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணான். சொல்லியாச்சு மாப்ளன்னான். என்னடா சொன்னா பாப்பான்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம் எந்திரிச்சுப் போய் அந்த வைட்டமின் டப்பாவைக் கொண்டாந்து மேஜை மேல வச்சு, மாத்திரையெல்லாம் அதோட சொந்த டப்பாவுக்கு மாத்திட்டாளாம். ஒன்பது மணிக்கு ஞாபகப்படுத்தறது இனிமே என் வேலைன்னு சொன்னாளாம். அவன் பேசிக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி அலாரம் அடிச்சுது. "இருடா, கூப்பிடறா"ன்னு வச்சுட்டான்.

(பின்னூட்டத்துல அவன் யாருன்னு கண்டுபிடிக்கப் பாக்காதீங்க மக்களே. மருந்து பத்தி எதுவானாலும் டாக்டர்கிட்ட கேளுங்க, என்கிட்ட வேணாம்.)